ஹமீதா அக்கா திரும்ப வாங்கிக்கொண்ட கட்டுரை

ஹமீதா அக்காவின் தம்பி காதர் எனக்குப் போன் செய்கிற வழக்கமே இல்லை. கெலாங் பாத்தாவில் அவருடைய சாப்பாட்டுக் கடையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து நாங்கள் இதழ் வேலை பார்த்தபோதுகூட, "டீ ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரவா?" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. அன்று காலை மாசாயில் என் வீட்டு வாசலில் காரை எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் அவர் பெயர் வந்தது. அக்கா நோயில் இருந்ததால், எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சந்திராக்கா, லாத்தா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனோம், எழும்பல. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வந்திருங்க." லாத்தா என்றுதான் அவர்கள் வீட்டில் அக்காவை அழைப்பார்கள். நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. "இல்லக்கா, வலி இல்ல. தூக்கத்துலேயே போயிட்டாங்க" என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலரை அன்று மதியம் அந்த வீட்டில் பார்த்தேன். மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். பாசிர் கூடாங் பெண்கள் காப்பகத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் அருகில் வந்து, வருத்தத்தோடுதான், "டாக்டர் ஹமீதா போயிட்டாங்க. இனிமே ஜர்னல் என்ன ஆகும்?" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. ஹமீதா அக்கா அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விடுவது அவருக்குச் சுலபமாகவும் இருக்கவில்லை. அதை எப்படிச் செய்தார் என்று தெரியாதவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், ஆனால் எனக்கு ஆசிரியை அல்லர். நான் அவரிடம் படித்ததில்லை. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தபோது, அவர் நடத்திய ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். அப்படித்தான் பழக்கம். பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த, சமூகப் பணி பற்றிய இதழ்தான் அது. ஆனால் எண்களையும் விழுக்காடுகளையும் வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அதில் இடமில்லை. மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்காக மட்டும் நடந்தது. நான் எழுதியது, சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் விபத்தில் அடிபட்டவர்களின் மனைவிமார் பற்றி. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அந்தப் பெண்கள் எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தேன். நல்ல கட்டுரை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஒரு மாலை போன் வந்தது. "நான் ஹமீதா பேசறேன், ஜர்னல்ல இருந்து. மிஸ் சந்திராவா?"

ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். "உங்க கட்டுரைல தியரி இருக்கு, மேற்கோள் இருக்கு, நீங்க இருக்கீங்க. அந்தம்மா எங்க?"

"எந்தம்மா டாக்டர்?"

"வார்டுக்கு வெளிய உக்காந்திருந்தவங்க. அவங்கள அட்டவணைல ஒரு கோடா போட்டுட்டீங்களே. அவங்க வாயால என்ன சொன்னாங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதைச் சொன்னேன். "'அவரு முழிச்சா என்னை ஏசுவாரு மிஸ், ஏன் வேலைக்குப் போகலன்னு. அந்த ஏச்சு கேட்டா போதும் எனக்கு'ன்னாங்க."

"இத ஏன் எழுதல?"

"இது ஆய்வு மொழில இல்லையே, டாக்டர்."

"அப்ப நீங்க எழுதற மொழிய மாத்துங்க" என்று சொல்லி, எந்தத் தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கோபம் வந்தது. ஆனாலும் திருத்தினேன். அந்தக் கட்டுரை அச்சில் வந்தபோது அந்தப் பெண் சொன்னது தமிழ் எழுத்திலேயே இருந்தது. கீழே மலாய் மொழிபெயர்ப்பு. அதுதான் ஹமீதா அக்கா அந்த இதழில் வைத்த வழக்கம். யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவர் பேச்சு முதலில் வரவேண்டும். மொழிபெயர்ப்பு அதற்கு அடுத்துத்தான். தமிழ், மலாய், சீனர்கள் பேசும் ஹொக்கியன் எல்லாம் ஒரே இதழில் வரும். பக்கம் அதிகமாகிறது, அச்சுக் கோப்பது சிரமம், வெளிநாட்டுப் பட்டியல்களில் இதழைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அவங்க பேசினது அவங்களோடது. நமக்கு கடன்தான் குடுத்திருக்காங்க" என்பார். அதற்கு மேல் விவாதத்துக்கு இடம் தரமாட்டார்.

விவாதத்துக்கு இடம் தராதது அவருடைய பலமும் பலவீனமும். செத்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எனவே எழுதுகிறேன். நான் ஆசிரியர் குழுவில் சேர்ந்த பிறகு கண்டது, அந்த இதழில் எல்லாவற்றையும் அவர்தான் செய்தார். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது அவர். யார் மதிப்பாய்வு செய்வது என்று முடிவெடுப்பது அவர். அச்சகத்தோடு பேசுவது, அட்டையின் நிறம், எல்லாம் அவர். மற்றவர்கள் திருத்திய வாக்கியத்தை அவர் மறுபடி திருத்துவார். "பரிதாபத்துக்குரிய" என்ற சொல்லைக் கண்டால் பேனா தாள் கிழிய ஓடும். "பரிதாபம் எழுதறவங்களோடது, அந்த வீட்டுல இருக்கறவங்களோடது இல்ல" என்பார். சரிதான். ஆனால் அந்தப் பேனா யாருடைய பேச்சையும் கேட்காது.

துணை ஆசிரியராக இருந்தவர் அஸ்மான். பத்து பஹாட் ஊர் மலாய்க்காரர். குழந்தை தத்தெடுப்பு பற்றிப் பல காலம் வேலை செய்தவர், அமைதியானவர். அக்காவை மலாய் வழக்கப்படி 'காக்' என்றுதான் அழைப்பார். அக்கா உம்ராவுக்கு மக்கா போயிருந்த சமயம், அஸ்மான் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டு எழுதியவருக்குத் தெரிவித்துவிட்டார். அக்கா திரும்பி வந்ததும் அதைப் படித்தார், பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டார். எழுதியவருக்கு அஸ்மானையே மறுப்பு எழுதச் சொன்னார். அடுத்த குழுக் கூட்டத்தில் அஸ்மான் எல்லாரும் இருக்கும்போது மலாயில் கேட்டார்: "காக் ஹமீதா, இது ஆய்விதழா, உங்கள் வீடா?"

அவ்வளவு காலத்தில் அஸ்மான் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் அது அப்படி விழுந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தார். "அடுத்தது என்ன?" என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், அஸ்மான் இனி இங்கே நிலைக்கமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த கூட்டம் காதரின் கடையில், மதியச் சாப்பாட்டு நெரிசல் கலைந்த பிறகு நடந்தது. எல்லாரும் உட்கார்ந்ததும் அக்கா சொன்னார், "அடுத்த இதழோட நான் எறங்கறேன்."

யாரும் நம்பவில்லை. அஸ்மான் முகம் வெளுத்துவிட்டது. "காக், நான் அன்று சொன்னது..." என்று தொடங்கினார்.

"நீ சொன்னது சரி, அஸ்மான்" என்று மலாயில் அவரிடம் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "வீடுன்னா நான் சாகற வரைக்கும் இருக்கலாம். யாரும் கேக்க முடியாது. இது வீடு இல்லயே லா."

அப்படியானால் அடுத்தவர் யார் என்று கேட்டோம். குழுவில் எல்லாருக்கும் ஒரு கணிப்பு இருந்தது. பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு, நிர்வாகவியல் துறையில் ஒரு பெயரை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. அக்கா ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால் அது நின்றுபோகும். அவர் சொல்லவில்லை. "நான் யாரை கைகாட்டினாலும் அவங்க என் ஆளு ஆயிடுவாங்க. அப்புறம் அவங்க என்னைப் பாத்துட்டேதான் முடிவெடுப்பாங்க. வேணாம்." வெளிப்படையாக அறிவிப்புச் செய்ய வேண்டும், விண்ணப்பம் வாங்க வேண்டும், தேர்வுக் குழுவில் பல்கலைக்கழகத்தார் மட்டுமல்லாமல் இதழைப் படித்து வேலை செய்கிற மருத்துவமனை, நலத்துறை ஆட்களும் உட்கார வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அதற்காகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்காரவேண்டி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுந்திருக்க இவ்வளவு அலைந்தவரை வேறு எங்கும் பார்த்ததில்லை.

விண்ணப்பிக்கலாமா என்று நான் தயங்கினேன். அவரிடமே கேட்டேன். "அக்கா, நான் போடட்டுமா?"

"என்கிட்ட ஏன் கேக்கற?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு..."

"நான் நெனைக்கறது இனிமே கணக்குல இல்ல. போடறதுன்னா போடு."

அது எனக்கு வலித்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பல நாள் மனத்தில் இருந்தது. நேர்முகத் தேர்வு நடந்த நாளில் அவர் ஊரிலேயே இல்லை. லாபிஸில் நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைப் பார்க்க ரயில் ஏறிப் போய்விட்டார். அஸ்மானும் விண்ணப்பித்திருந்தார். முடிவில் முதன்மை ஆசிரியராக என்னையும், முன்னைவிடக் கூடுதல் அதிகாரத்தோடு துணை ஆசிரியராக அவரையும் தேர்ந்தெடுத்தார்கள். அஸ்மான் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமேல் நான் ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான், சரியா?" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

பொறுப்பை ஒப்படைத்த அன்று அக்கா என்னிடம் சொன்னது இது ஒன்றுதான். "நான் போன் பண்ணி எதாவது சொன்னா கேட்டுக்க. செய்யணும்னு இல்ல."

அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது ஓராண்டுக்குள் தெரிந்தது. ஹமீதா அக்காவே இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுத்தான் மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புவோம். அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் கணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரை. அக்கா எழுதியதிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். ஒரு மதிப்பாய்வாளர் அப்படியே வெளியிடலாம் என்று எழுதினார். மற்றவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பெயரை மாற்றியிருக்கிறார்கள், சரி. ஆனால் அவ்வளவு சிறிய ஊரில் இந்த வீடு எது என்று யாருக்குத் தெரியாது? அந்த வீட்டுக்குள் நடந்த ஒன்றைப் பற்றி இந்தப் பெண் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். அது அச்சில் வரும் என்று அவருக்கு உண்மையிலேயே புரிந்திருந்ததா?

அது என்ன என்பதையோ எந்த ஊர் என்பதையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெண் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். விதிப்படி எல்லாம் சரி. நான் கட்டுரையைப் பலமுறை படித்தேன். கடைசியில், இந்த வடிவில் வெளியிட இயலாது என்று எழுதி அனுப்பினேன்.

"அலமாக், சந்திரா! காக் ஹமீதாவுக்கா?" என்றார் அஸ்மான். ஆனால் முடிவை மாற்றச் சொல்லவில்லை. குழுவில் ஒருவர் மட்டும் நான் நன்றி கெட்டவள் என்று வெளியில் சொன்னதாகக் காதுக்கு வந்தது.

அக்கா போன் செய்தார். "அந்தம்மா கையெழுத்து போட்டிருக்காங்க, பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

"அந்த வீட்டுக்கு நான் எத்தன வருஷமா போய்ட்டு வரேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவங்க உங்கள நம்பி சொன்னாங்க அக்கா. படிக்கறவங்கள நம்பி சொல்லல."

போன் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு வாரங்கள் போயின. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாசாயில் என் வீட்டுக்கு வந்து, முறுக்கு உப்பு அதிகம் என்று குறை சொல்லி, ஒரு டப்பா நிறைய வாங்கிப் போவார். அந்த ஆண்டு வரவில்லை. நான் செய்தது சரி என்ற எண்ணம் மாறவில்லை. ஆனாலும் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் அழைத்தார். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "நாளைக்கு லீவு போட முடியுமா? ஒரு எடத்துக்கு போவணும். நீயும் வா."

அந்தப் பெண்ணின் வீட்டுக்குத்தான் போனோம். முன்னறையில் கட்டில், அதில் அவர் கணவர். அக்கா போனதும் முதலில் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் கையைத் தொட்டு, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டார். பதில் வராது என்று தெரிந்தும் கேட்டார், காத்திருந்தார். பிறகு சமையலறையில் அந்தப் பெண்ணோடு தரையில் உட்கார்ந்தார். கட்டுரையில் அவரைப் பற்றி எழுதியிருந்த பகுதியைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. அந்தப் பெண் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் புக்குல வருமா டீச்சர்?"

"வரும்னு அன்னிக்கே சொன்னேன்ல. நீங்களும் சரின்னீங்க."

"சொன்னீங்க. நீங்கதான் படிப்பீங்கன்னு நெனச்சேன்." பிறகு சொன்னார், "என் மவன் தமிழும் மலாயும் நல்லா படிப்பான் டீச்சர். அவன் கண்ணுல பட்டா?"

அக்கா தாள்களை மடித்தார். "படாது. இது வராது."

"நான்தான் கையெழுத்து போட்டுட்டேனே?"

"அத நான் திருப்பி குடுத்துட்டேன்னு வச்சுக்குங்க."

அந்தப் பெண் அழுதார். அக்காவின் கண்ணில் ஈரம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை; பார்க்கத் துணியவில்லை. பால் இல்லாத தேநீர் கொடுத்தார்கள், குடித்தோம். மகனுக்கு வேலை கிடைத்த கதையைப் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினோம்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "நான் அந்த சீட்ல இருந்திருந்தா இது அச்சுல வந்திருக்கும், சந்திரா. எழுதினதும் நான், ஓகே சொல்றதும் நான். யாரு கேட்டிருப்பா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார். "ஆனா உன் லெட்டர் நல்லால்ல. ரெண்டு வரில முடிச்சிட்ட. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறியா?"

"உங்களுக்குன்னுதான் அக்கா கை ஓடல."

"ஓடணும். மறுக்கறவங்கதான் நெறைய எழுதணும்."

அன்றிலிருந்து எந்த மறுப்பையும் நான் ஒரு பக்கத்துக்குக் குறைத்து எழுதியதில்லை. கட்டுரையை அவர் முறைப்படி திரும்பப் பெற்றுக்கொண்டார். சில மாதம் கழித்து இளம் சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சியில், ஊர் பேர் சொல்லாமல், நடந்ததை முழுவதும் அவரே எடுத்துச் சொன்னார். தன்னுடைய எந்த வெற்றியையும் அவர் அப்படி விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நான் எழுதுவதற்கான துணிவு அங்கிருந்து வந்ததுதான்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகம் எங்கள் இதழை வேறொரு பொது ஆய்விதழோடு சேர்த்துவிட முடிவெடுக்க இருந்தது. சேர்த்தால் ஆங்கிலம் மட்டும்தான். மக்களின் பேச்சு அவர்கள் மொழியில் வருவது நின்றுவிடும். ஆசிரியரையும் மேலிருந்தே நியமிப்பார்கள். அப்போது அக்காவுக்கு நோய் முற்றியிருந்தது. சிகிச்சையால் இளைத்து, கெலாங் பாத்தா வீட்டில் முன்னறைச் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். "ஒரே ஒரு கூட்டம் அக்கா. நீங்க வந்து உக்காந்தா போதும். பேசக்கூட வேணாம். உங்கள பாத்தா அவங்களுக்கு மனசு வராது."

"வரமாட்டேன்."

"உடம்பு முடியலன்னா வீட்டுலேருந்தே வீடியோல..."

"உடம்பு இல்ல. நான் வந்தா எனக்காக ஒத்துக்குவாங்க. நான் போனதும் எடுத்துருவாங்க. உங்களுக்காக ஒத்துக்கட்டும். இல்லன்னா ஒத்துக்காம போகட்டும்."

"மூடிட்டா?"

"மூடினா வேற பேர்ல ஆரம்பி. நான் ஆரம்பிச்சப்ப என்ன இருந்துச்சு?"

காதர் கொண்டுவந்து வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று மனத்துக்குள் திட்டினேன். சிங்கப்பூருக்கான இரண்டாவது பாலத்துச் சாலையின் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுதான், யாரிடம் உதவி கேட்கலாம் என்பதை விட்டு, என்ன செய்யலாம் என்று முதல் தடவையாக யோசித்தேன். காரிலிருந்தே அஸ்மானைக் கூப்பிட்டேன். இருவருமாகச் சேர்ந்து, இதழைப் படித்து வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்தோம். குளுவாங்கிலிருந்து ஒரு நலத்துறை அதிகாரி வந்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த இதழிலிருக்கும் பேச்சை அந்தந்த மொழியிலேயே வாய்விட்டுப் படிக்க வைத்துத்தான் பயிற்சி தொடங்குகிறேன் என்று கூட்டத்தில் சொன்னார். காப்பகத்திலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். அஸ்மான் பேசினார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. நானும் பேசினேன்.

இதழைச் சேர்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. மக்களின் மொழி அப்படியே இருக்கும். ஆசிரியர் பதவிக்குக் காலவரம்பு உண்டு, ஒவ்வொரு முறையும் வெளிப்படையான தேர்வுதான் என்பதையும் விதியில் எழுதி வாங்கினோம். அச்சுப் பிரதியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இனி இணையத்தில் மட்டும்தான்.

அன்று மாலையே அக்காவுக்குச் சொன்னேன். "பிரிண்ட் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு அக்கா."

"எனக்கு அந்த மை வாசம் புடிக்கும்" என்றார். பிறகு, "நீ பேசினியா, அஸ்மான் பேசினானா?"

"ரெண்டு பேருந்தான்."

"நல்லது. அடுத்த இதழ் எப்ப?"

அடுத்த இதழ் அவர் இருக்கும்போதே வந்தது. காதர் தன் டேப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க, முழுவதும் படித்தாராம். நான் பார்க்கப் போனபோது பாராட்டு ஒன்றும் இல்லை. ஒரு மேற்கோளில் பேசியவரின் சொல்லை நாங்கள் இலக்கணப்படி திருத்திவிட்டோம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். "அவங்க அப்படி பேசியிருக்க மாட்டாங்க. யாரு தொட்டது?" என்று கேட்டார். நான்தான். அங்கேயே உட்கார்ந்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது சரி. இணையப் பதிப்பில் அன்றே மாற்றினேன். அதுதான் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அடக்கம் முடிந்த பிறகு கூடிய குழுவில், அவருக்கு ஒரு சிறப்பிதழ் கொண்டுவர எல்லாரும் விரும்பினோம். அப்போது ஒருவர், அவர் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரையை அதில் சேர்த்தால் என்ன என்று கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் எழுதியதில் மிகச் சிறந்தது அதுதானே, வெளியில் யாரும் படித்ததில்லையே என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஒரு பக்கத்துக்குக் குறையாமல் காரணம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். அஸ்மான் அதன் கீழே தன் பெயரையும் சேர்த்தார். சிறப்பிதழ் வரும். அந்தக் கட்டுரை அதில் இருக்காது.

அவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவருடைய அன்பு என்று எழுதினால் அவரே பேனாவால் அடித்துவிடுவார். நாங்கள் அன்பாகப் பேசிய நாட்களைவிட முட்டிக்கொண்ட நாட்கள்தான் அதிகம். நான் வைத்துக்கொள்வது, தான் செய்தது தவறாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்ன பிறகு அவர் நடந்துகொண்ட விதம். முதலில் கோபப்பட்டார், பேசாமல் இருந்தார், அதெல்லாம் மனிதருக்கு உள்ளது. பிறகு கிளம்பிப் போய், சம்பந்தப்பட்டவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, எழுதியதை மறைக்காமல் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தார். வந்த பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரமே வேறொரு வேலையைத் தொடங்கிவிட்டார்.

எனக்கும் அந்த நாள் வரும். நான் எடுத்த ஏதோ ஒரு முடிவு பிசகு என்று அஸ்மானோ, எனக்குப் பின் வரப்போகும் ஆசிரியரோ என்னிடம் சொல்வார்கள். எனக்கும் கோபம் வரும். ஆனால் என் பக்க நியாயத்தை எழுதிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்கப் புறப்பட்டுவிடுவேன்.